கோதுமைக் கப்பலும் ஜான்சன் கையெழுத்தும்

திருச்சுழி வட்டத்து வீரசோழனில் 'பிரசிடெண்ட்' என்றால் ஊராட்சித் தலைவர்தான். தெருவிளக்கு எரியாவிட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ஜனங்கள் தேடிப் போவது அவரைத்தான். ஆனால் அவர் நினைத்தபடி பணம் எடுத்துவிட முடியாது. காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வாஷிங்டனில் இருக்கும் பிரசிடெண்டின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான் என்றால் நம்புவீர்களா? அவர் முப்படைக்கும் தலைவர். அணுகுண்டை ஏவச் சொல்லும் அதிகாரம் அவர் ஒருவருக்கே உண்டு. ஆனால் கஜானாச் சாவி அவரிடம் இல்லை. காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுப் பார்லிமெண்டிடம் இருக்கிறது. (நம் ஊர்க் காங்கிரஸ் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) அவர் அந்நிய நாட்டுடன் உடன்படிக்கை செய்தால் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அவர் ஒரு மசோதாவைத் தள்ளிவிட்டாலும், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து அதைச் சட்டமாக்கிவிடலாம்.

இத்தனை கட்டுக்குள் இருப்பவர் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்கலாம். 1965-ல் இந்தியாவுக்கு அது புரிந்தது.

மிஞ்சிய தானியம்

அமெரிக்காவில் விளைந்து, விற்காமல் குவிந்து கிடந்த தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப 1954-ல் ஐசன்ஹோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 'பி.எல். 480' என்று பெயர். டாலர் தேட வேண்டாம், ரூபாயிலேயே விலை கொடுக்கலாம்! 1960-ல் நான்கு வருஷங்களுக்குச் சேர்த்து 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கு ஒப்பந்தமாயிற்று. இது விலைக்கு வந்த சரக்கு. அதே சட்டத்தின் வேறொரு பிரிவில் தானமாகவும் உணவு வந்தது. காமராஜர் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் 'கேர்' ஸ்தாபனம் கொடுத்த பால் பவுடர் அந்த வகை.

1965-ல் மழை பொய்த்தது. முந்தின வருஷம் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைச்சல் 7 கோடியே 20 லட்சத்துக்கு இறங்கியது. கண்மாய் பெருகினால்தான் நெல் என்று வாழும் திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமைக்கு மழை பொய்ப்பது புதிதல்ல. நாடு முழுவதும் துண்டு விழுந்ததுதான் புதிது.

அப்போது வெள்ளை மாளிகையில் இருந்தவர் லிண்டன் ஜான்சன். நீண்டகால ஒப்பந்தம் கிடையாது என்றார். ஒன்றிரண்டு மாதத் தேவைக்கு மட்டும் அனுமதி கொடுப்பார். அது தீரப் போகும் சமயத்தில் அடுத்தது. துறைமுகத்தில் இறங்கும் மூட்டை நேரே அடுப்புக்குப் போகும் நிலைமை!

காரணம் எளிது. ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தைச் சட்டம் ஜனாதிபதிக்குக் கொடுத்திருந்தது. எந்த நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஜான்சன் ஒருநாளும் "முடியாது" என்று சொல்லவில்லை. "இன்றைக்கு இல்லை" என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. இந்தியாவில் எங்கே மழை பெய்தது, எங்கே பெய்யவில்லை என்பதைக்கூட அவர் தாமே கவனித்து வந்தார். வீரசோழன் சம்சாரியும் அமெரிக்க ஜனாதிபதியும் ஒரே வானத்தைப் பார்த்த காலம் அது என்று சொல்லலாம்.

ரோமாபுரிப் பேச்சு

அவர் கேட்டது விவசாயத்துக்கு அதிகப் பணம், உரம், நல்ல விதை. உணவு மந்திரி சி. சுப்பிரமணியம் விரும்பியதும் அதையே. 1965 நவம்பரில் அவர் ரோம் நகரில் அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமனைச் சந்தித்து உடன்பாடு கண்டார். 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை வந்து இறங்கியது. இதுவரை நெருக்குதலில் ஒரு நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அந்த நியாயம் இல்லை. 1966 ஜூலையில் இந்திரா காந்தி மாஸ்கோ சென்றார். வியட்நாமில் குண்டுவீச்சை நிறுத்தக் கோரும் கூட்டறிக்கை வெளிவந்தது. ஜான்சனுக்குக் கோபம். அவ்வருஷக் கடைசி மாதங்களில் கோதுமை அனுமதி மீண்டும் தள்ளிப் போயிற்று. பசித்தவன் வாயை அடைக்கப் பார்த்த காரியம் அது. இந்தியா வாயை மூடவில்லை.

ஜான்சனின் எல்லைகளும் அதே நாட்களில் தெரிந்தன. 1966 மார்ச்சில் மேலும் 35 லட்சம் டன் கொடுக்க உத்தேசித்தபோது காங்கிரஸின் ஆதரவுத் தீர்மானத்தைக் கேட்டார். ஏப்ரலில் அது கிடைத்தது. 1967-லும் அப்படியே. பழி தம் ஒருவர் தலையில் விழாமலிருக்கச் செய்த ஏற்பாடாகவே தோன்றுகிறது.

இங்கே கப்பலுக்குக் காத்திருந்தவர்களின் கதி என்ன? 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்துகொண்டன. சுப்பிரமணியம் தோற்றார். விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். 1964-ல் நூற்றுக்கு 61 ஓட்டு வாங்கி ஜெயித்த ஜான்சனும், வியட்நாம் யுத்தத்தை முடிக்க வழியறியாமல், மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று 1968 மார்ச் 31-ல் அறிவித்தார்.

அடுத்து வந்த நிக்ஸன், காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தையே செலவிடாமல் நிறுத்தி வைத்தார். அதைத் தடுக்க 1974-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரி 20-ல், பதவியேற்ற அன்றே, டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி உத்தரவிட்டார். காங்கிரஸ் கொடுத்த பணத்தை ஜனாதிபதி எத்தனை நாள் பூட்டி வைக்கலாம் என்ற வழக்கு மறுபடி நீதிமன்றப் படியேறியது.