சாவியைத் திருப்பினால் கார் பேசும்



கார் ஓட்டுபவரின் கண்ணுக்கு முன்னால், மீட்டர் பலகையில், எஞ்சின் வடிவத்தில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு உண்டு. நம் போர்மன்கள் அதைச் 'செக் எஞ்சின்' விளக்கு என்பார்கள். அது எரியத் தொடங்கிவிட்டால் தோட்டத்து வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மாதக் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம். செம்பனைக் காட்டு மண்சாலையைத் தாண்டிப் பிள்ளைகள் குளுவாங்கில் உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். இரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கார் நின்றால் இவை எல்லாம் நிற்கும். ஆகவே பட்டறைக்கு ஓடுகிறோம். போர்மன் சொல்வதைக் கேட்கிறோம். கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம்.

ஆனால் அந்த விளக்குக்குப் பின்னால் ஓர் எழுத்துக் குறிப்பும் இருக்கிறது. எந்த இடத்தில் கோளாறு என்பதை எண்ணாகக் குறித்து, காரே தன் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைக் காரின் சொந்தக்காரரும் படிக்கலாம். அதற்கு வழி என்ன என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லாக் கார்களிலும் இந்தக் குறிப்பு கிடையாது. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலின் தொடக்கக் கால வண்டிகளிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். அது வெறும் இரும்பும் திருகாணியும்தான். அதற்கு நினைவாற்றல் ஏது? பிறகு வந்த கார்களில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையை ஒரு சிறு கணினி ஏற்றுக்கொண்டது. ரேடியேட்டர் தண்ணீர் எத்தனை டிகிரி, உள்ளே போகும் காற்று எவ்வளவு, வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு என்பதை எல்லாம் சென்சர்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சென்சர் சொல்வது நம்ப முடியாததாக இருந்தால் கணினி அதைக் குறித்து வைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கை ஏற்றும்.

இந்த ஏற்பாடு பரவியதற்குக் காரணம் நம் பணப்பையின் மேல் கார் நிறுவனங்களுக்கு இருந்த அக்கறை அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வண்டிப் புகை பெருந்தொல்லையாகிவிட்டது. எஞ்சின் கெட்டுப் புகை கக்கினால் ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும் என்று அந்த மாநிலம் 1988ஆம் ஆண்டு மாடல்கள் முதல் விதி வகுத்தது. 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற கார்கள் அனைத்துக்கும் ஒரே வகையான 16 துளைச் சொருகி கட்டாயமாயிற்று. இதற்கு ஓ.பி.டி. 2 என்று பெயர். கார் பல நாடுகளுக்கும் போகும் சரக்கு அல்லவா? அதனால் அந்தச் சொருகி இன்று நம் ஊர்க் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தச் சொருகியைத் தவிர, பல நிறுவனங்கள் தம் விருப்பப்படி இரகசியக் கதவுகளையும் வைத்திருந்தன. 1980களில் சில காடிலாக் கார்களில் ஏர்கண்டிஷன் பலகையில் உள்ள 'ஆஃப்' பொத்தானையும் 'வார்மர்' பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால், வெப்பநிலை காட்டும் இடத்தில் கோளாறு எண்கள் வரிசையாகத் தோன்றும். கிரைஸ்லர், டாட்ஜ் கார்கள் பலவற்றில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று சில நொடிகளுக்குள் திருப்பினால் கிலோமீட்டர் எண் இருக்கும் இடத்தில் கோளாறு எண் வரும். பழைய ஃபோர்டு ஃபோகஸ் காரில் பயணக் கணக்கைப் பூஜ்யமாக்கும் சிறு குமிழை அழுத்திப் பிடித்தபடி சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, சில நொடிகள் விடாமல் பிடித்திருந்தால் 'டெஸ்ட்' என்ற சொல் தோன்றும். பிறகு குமிழை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பேட்டரியின் வோல்ட், தண்ணீரின் சூடு என்று ஒவ்வொரு கணக்காக வரும். டொயோட்டாவில் வழி வேறு. எஞ்சின் அறையில் உள்ள சோதனைப் பெட்டியில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கே சிமிட்டிச் சிமிட்டி எண்ணைச் சொல்லும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு சிமிட்டல் என்றால் 22. அது தண்ணீர் சூட்டைப் பார்க்கும் சென்சரின் பாதையைக் குறிக்கும். கண்ணைச் சிமிட்டிச் சேதி சொல்லும் கள்ளத்தனம் என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் இதற்குப் பெயர் வைத்தான்!

கம்பியால் முனைகளை இணைக்கும் வேலையை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். முனை மாறினால் கணினியே கருகிப்போகும். இப்போது அதற்குத் தேவையும் இல்லை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி, கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை 16 துளைச் சொருகியில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், உங்கள் கைத்தொலைபேசியிலேயே எண் வந்துவிடும். 1990களின் பழைய வண்டிகள் பல இதற்குப் பதில் சொல்ல மாட்டா. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து லயத்துக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

எண்ணைப் படிப்பது எளிது. 'பி' என்ற எழுத்தில் தொடங்கினால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து வருவது பூஜ்யமாக இருந்தால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண். 1 என்றால் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்த எண். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாகத் தீப்பற்றவில்லை. பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டர்.

நேயர்களே, இங்கேதான் நாம் ஏமாறும் இடம் இருக்கிறது. எண் என்பது கோளாறு தெரிந்த இடத்தைச் சொல்லும். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி ஓட்டி வந்தேன். ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்ரோல் அதிகமாகக் குடித்தது. ரேடியேட்டர் காற்றாடி நிற்காமல் சுழன்றது. ஒரு பட்டறையில் சோதித்துவிட்டு, "சென்சர் போய்விட்டது, சார்" என்றார்கள். மாற்றினார்கள், பணமும் கொடுத்தேன். நாலாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை இன்னொரு விலையுயர்ந்த சாமானின் பெயரைச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவன் தோட்டத்து டிராக்டர் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் தன் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். எண் பி 0118. கைத்தொலைபேசியில் தண்ணீரின் சூடு எவ்வளவு தெரியுமா? பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி! நண்பகல் வெயிலில், குளுவாங்கில்!

அவன் சொன்ன விளக்கம் இது. அந்தச் சென்சர் குளிர்ந்தால் மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும். சூடானால் குறைவாகத் தடுக்கும். கம்பி அறுந்துவிட்டால் மின்சாரம் கொஞ்சமும் போகாது. கணினிக்கு அது 'மிக மிகக் குளிர்' என்று தோன்றுகிறது. ஆகவே கோளாறு சென்சரிலா, கம்பியிலா என்று பார்க்க வேண்டும். பார்த்தான். எலி கடித்திருந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்? இரண்டு அங்குலக் கம்பியை ஒட்டிச் சுற்றினான், விளக்கு அணைந்தது. என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை. நான் முதலில் மாற்றிய சென்சர் நல்லதுதான். பழையதும் நல்லதாகவே இருந்திருக்கும்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கையெல்லாம் கிரீஸ் படிய உழைக்கும் நல்ல போர்மன்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் போய், "விளக்கு எரிகிறது, பாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "அண்ணே, பி 0301 காட்டுகிறது, சாமான் மாற்றுமுன் முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார்களில் இப்படிச் செய்யலாம். மாற்றிப் போட்ட பிறகு எண் பி 0302 என்று மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான். மாறாவிட்டால் பிளக்கையோ வேறொன்றையோ பார்க்க வேண்டும். நல்ல போர்மன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறைந்திருக்கும் கணக்குகளில் நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படுவது தண்ணீர் சூடுதான். இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு. கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சேதியும் இல்லை. ஆனால் கணினிக்கு ஒவ்வொரு டிகிரியும் தெரியும். நல்ல எஞ்சின் ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரிக்குள் நிற்கும். நெரிசலில் சற்றுக் கூடும். வழக்கமாக 90 காட்டிய வண்டி ஒருநாள் 105, 110 என்று ஏறினால், சிவப்பு விளக்குக்குக் காத்திராமல் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். பேட்டரியும் அப்படியே. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12க்கு இறங்கினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று பொருள். இரவில் மெர்சிங் சாலையில் புறப்படுமுன் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. சிவப்பில் எண்ணெய் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு வரலாம். ஓடும்போது அது சிமிட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள விலையுயர்ந்த வடிகட்டியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே பொத்தான்களை அழுத்திச் சோதிப்பதும் வேண்டவே வேண்டாம். ஏர்பேக்கின் மஞ்சள் நிறச் சொருகிகளைத் தொடக்கூடாது.

கடைசியாக, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அப்போது செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் யாரோ விளக்கைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. வாங்குபவர் வருமுன் பேட்டரிக் கம்பியைக் கழற்றியோ கருவியாலோ நினைவை அழித்துவிடுவார்கள். விளக்கு எரியாது, எண்ணும் இராது. ஆனால் அழித்தபின் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குச் சில நாள் ஓட்டம் தேவை. அதுவரை கருவியில் சோதனைகள் 'முடியவில்லை' என்றே காட்டும். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், "அண்ணே, எப்போது பேட்டரியைக் கழற்றினீர்கள்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். புதுப் பேட்டரி போட்டதுதான் காரணம் என்றால் அதன் ரசீதைக் காட்டுவார். இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்காமல், ஒரு வாரம் கழித்து வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.