தொங்கும் கதவு: பழைய பிக்கப் வண்டியின் கீல்களைச் சீர்செய்யும் முறை

தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் வேலையைப் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே செய்து வருகின்றன. சின்னமனூர் வாழைத்தாரும், கம்பம், கூடலூர்ப் பகுதிகளின் பன்னீர் திராட்சையும் இவ்வண்டிகளில்தான் ஏறுகின்றன. ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடையாகும் பள்ளத்தாக்கு இது. ஆகவே வண்டிக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. எஞ்சின், பிரேக், டயர் ஆகியவற்றைக் கவனிக்கும் நாம், கதவை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கதவு சற்றே தொங்கினால், தூக்கி அடித்துச் சாத்திவிட்டுப் புறப்படுகிறோம்.

இப்பழக்கம் ஆபத்தானது. தொங்கும் கதவு பூட்டில் முழுமையாக மாட்டிக்கொள்வதில்லை. வண்டிக் கதவின் பூட்டு இரண்டு நிலைகளில் பிடிக்கக் கூடியது. முதல் நிலை அரைப்பிடி. இரண்டாவது நிலையே முழுப்பிடி. கதவு தாழ்ந்திருக்கும்போது பல நேரங்களில் அரைப்பிடியே கிடைக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு செல்லும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் பாதையும் வளைந்து செல்வதே. வளைவில் வண்டி திரும்பும்போது உள்ளே அமர்ந்திருப்பவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கதவை அழுத்துகிறார். அப்போது அரைப்பிடியில் நிற்கும் கதவு திறந்துகொண்டால் உயிருக்கே கேடு நேரலாம்.

கதவு தொங்கினால் பலர் முதலில் பூட்டுக் கொண்டியைத்தான் கீழே இறக்குகிறார்கள். கதவு அப்போதைக்குச் சாத்திக்கொள்ளும். ஆனால் நோய் பூட்டில் இல்லை, கீலில் இருக்கிறது. கீலைச் சீர்செய்த பின்னரே பூட்டில் கை வைக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியமாக அறிய வேண்டிய செய்தி.

கீல் தேய்வது எவ்வாறு?

ஒவ்வொரு கதவையும் மேலும் கீழுமாக இரண்டு கீல்கள் தாங்குகின்றன. ஒரு கீலில் இரண்டு தகடுகள் உள்ளன. ஒன்று வண்டியின் தூணிலும் மற்றொன்று கதவிலும் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டையும் இணைப்பது ஓர் எஃகுப் பின். பல வண்டிகளில் இந்தப் பின், பித்தளை அல்லது வெண்கலப் புஷ்ஷுக்குள் சுழல்கிறது. புஷ் மெதுவான உலோகம் ஆதலால் அதுவே முதலில் தேய்கிறது. அவ்வாறு அமைத்ததும் நன்மைக்கே. விலை குறைந்த புஷ்ஷை மாற்றினால் கீல் பிழைத்துக்கொள்ளும்.

கதவின் எடை மேல் கீலை வெளிப்பக்கம் இழுக்கிறது. கீழ்க் கீலை உள்பக்கம் தள்ளுகிறது. இரண்டு கீல்களுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் இடைவெளியும், கதவின் அகலம் 100 சென்டிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். மேல் கீலில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் ஏற்பட்டால், பூட்டுப் பக்கத்தில் கதவு இரண்டரை மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். கீலில் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் பூட்டில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

தேய்மானத்தை விரைவுபடுத்தும் காரணங்கள் வருமாறு:

1. பின்னுக்கு எண்ணெய் இடாமை.
2. சுமைக்குக் கயிறு கட்டும்போது திறந்த கதவின் மீது கால் வைத்து ஏறுவதும், கதவைப் பிடித்துத் தொங்குவதும்.
3. தோட்டத்துப் பாதையின் மண்ணும் தூசியும் கீலில் படிந்து அரம்போல் அராவுதல்.
4. உர மூட்டைகளிலிருந்து சிந்தும் உப்பும், போர்டோ கலவைக்கான மயில்துத்தக் கரைசலும் இரும்பை அரித்தல்.

ஆட்டம் எங்கே உள்ளது என்று காணுதல்

கதவை ஒரு சாண் அளவு திறந்து வைக்கவும். பூட்டுப் பக்க விளிம்பைக் கையால் பிடித்து மேலே தூக்கி இறக்கவும். அதே நேரத்தில் மற்றொருவர் கீல்களை உற்று நோக்க வேண்டும். மூன்று விதமான குறைகள் தென்படலாம்.

தகடுகள் அசையாமல் நிற்க, பின் மட்டும் துளைக்குள் அசைந்தால் புஷ் அல்லது பின் தேய்ந்துவிட்டது. கீல் தகடு முழுவதும் தூணின் மீது நகர்ந்தால் போல்ட்டு தளர்ந்துள்ளது. போல்ட்டு இறுக்கமாக இருந்தும் தூணின் தகரமே உள்வாங்கி வெளிவந்தால் தகரத்தில் விரிசலோ துருவோ உள்ளது. போல்ட்டு தளர்ந்திருந்தால், கதவைச் சரியான உயரத்திற்குத் தூக்கிப் பிடித்து இறுக்கினாலே போதும்.

பின்னையும் புஷ்ஷையும் மாற்றுதல்

இவ்வேலைக்கு இருவர் வேண்டும். கதவு கனமானது, ஒருவர் தனியாகக் கழற்ற முயலக் கூடாது. ஜாக்கி, மரக்கட்டை, கோணிச் சாக்கு, சுத்தியல், பின்னைத் தட்டி எடுக்கும் பஞ்ச் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் மாலையே கீல்களின் மண்ணைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் கலந்து பின்னின் இரு முனைகளிலும் விடவும். இரவு முழுவதும் ஊறினால் துருப்பிடித்த பின் எளிதில் நகரும்.

மறுநாள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிடவும். கீல் தகடுகளின் ஓரத்தைச் சுற்றி ஆணியால் கோடு கீறிக்கொள்ளவும். பின்னர் தகட்டைக் கழற்ற நேர்ந்தால், பழைய இடத்தில் பொருத்த இக்கோடு உதவும். கதவு அளவுக்கு மேல் திறவாமல் தடுக்கும் பட்டையைக் கழற்றி விடவும். கதவின் அடியில் ஜாக்கியை வைத்து, அதன்மேல் மரக்கட்டையும் மடித்த சாக்கும் இட்டு, கதவின் எடையை ஜாக்கி தாங்கும் வரை மெதுவாக ஏற்றவும். பூட்டுப் பக்கத்தை உதவியாள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கீல்களையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது. பெரும்பாலும் மேல் கீலே அதிகம் தேய்ந்திருக்கும் ஆதலால் அதில் தொடங்கி, அது முடிந்த பின் கீழ்க் கீலுக்கு வரவும். பின்னின் தலை எந்தப் பக்கம் உள்ளதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி எடுக்கவும். தேய்ந்த புஷ்ஷைத் தட்டி அகற்றி, துளையைத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்யவும்.

புதிய புஷ்ஷைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் அதன் விளிம்பு மடங்கிவிடும். நீண்ட போல்ட்டு ஒன்றில் இரு பக்கமும் வாஷர் இட்டு, நட்டை இறுக்கினால் புஷ் நேராக உள்ளே இழுக்கப்படும். பின்னில் சிறிது கிரீஸ் தடவிப் பொருத்தவும். பின் கையால் சுழல வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. இதுவே சரியான அளவு.

புதிய பின்னுக்குப் பதிலாக ஆணியையோ மரை உள்ள போல்ட்டையோ செருகுவது தவறு. மரையின் கூர்விளிம்பு புஷ்ஷை அராவிவிடும். மரையின் பள்ளத்திலேயே போல்ட்டு முறியவும் கூடும். ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் பழமொழி. கதவுக்கு அச்சாணி இந்தப் பின்னே.

பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் சாதாரண புஷ் நிற்காது. கீலைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று, துளையை வட்டமாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த புஷ் கடைந்து பொருத்தலாம். தகட்டிலேயே விரிசல் இருந்தால் கீலையே மாற்றிவிட வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கீலை வாங்குமுன் பின்னை ஆட்டிப் பார்க்கவும். அதுவும் தேய்ந்ததாக இருக்கலாம்.

தூணின் தகரம் கிழிந்திருந்தால் மேலே பற்றவைத்து மூடுவது போதாது. துருவை வெட்டி அகற்றி, பின்புறம் வலுவூட்டும் தகடு வைத்து டிங்கரிங் பட்டறையில் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், இருக்கை மெத்தையை வெளியே எடுத்துவிடுவதும் கட்டாயம். கீல்கள் தூணோடு பற்றவைக்கப்பட்ட வண்டிகளிலும், பின்னின் இரு தலையும் அடித்து மடக்கப்பட்ட வண்டிகளிலும் இவ்வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

இறுதியாகப் பூட்டு

கீல்கள் சரியான பின் கதவை மெதுவாகச் சாத்திப் பார்க்கவும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். பூட்டு கொண்டியின் நடுவில் வந்து மாட்ட வேண்டும். கதவு மேலே எழும்பவோ கீழே இறங்கவோ கூடாது. முன்பு கொண்டியை இறக்கி வைத்திருந்தால், இப்போது அதைப் பழைய இடத்திற்கு ஏற்றிப் பொருத்தவும். சாத்தும்போது இரண்டு முறை ‘டக்’ என்ற ஒலி கேட்டால் முழுப்பிடி கிடைத்தது என்று அறியலாம். வெளியிலிருந்து கதவை இழுத்துப் பார்த்து, ஆட்டம் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவும்.

தொடர் பராமரிப்பு

மாட்டு வண்டி ஓட்டிய காலத்தில் இருசுக்கு மை இடாமல் எவரும் வண்டி பூட்டியதில்லை. அக்கவனம் பிக்கப் கதவுக்கும் தேவை. மாதம் ஒரு முறை ஒவ்வொரு பின்னிலும் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, கதவைப் பலமுறை திறந்து மூடி, வழியும் எண்ணெயைத் துடைத்துவிடவும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் உலோகத் துகளும் கரியும் இருப்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. உரமோ மயில்துத்தமோ ஏற்றிய நாளில் கதவையும் கீல்களையும் நீரால் கழுவி, உலர்ந்த பின் எண்ணெய் இடவும். கயிறு கட்டுவதற்குக் கதவின் மேல் ஏறாமல், சிறு ஏணியையோ பின்பக்கப் படியையோ பயன்படுத்தவும்.

எட்டு ஆண்டுகள் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியுள்ளது. அதற்காக வண்டியைச் சீர்செய்யும்போதே கீல்களையும் சோதித்துக்கொண்டால் தனிச் செலவும் அலைச்சலும் இராது. புஷ் தேயும்போதே மாற்றினால் புஷ்ஷோடு செலவு முடியும். விட்டுவிட்டால் கீல், தூண், கதவு என்று செலவு வளரும். அடுத்த முறை சுமை ஏற்றுமுன் கதவின் விளிம்பை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், மலையேறுமுன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.