பெயர் எழுதப்படாத படங்கள்

அமெரிக்காவின் தலைநகரான வொஷிங்டனில் கொங்கிரஸ் நூலகம் இருக்கிறது. அங்கே பாதுகாக்கப்படும் பழைய படங்களுள் ஒன்றில் ஒரு சிறுமி துக்க உடையுடன் அமர்ந்திருக்கிறாள். சிரிப்பில்லாத முகம். கைகளில் சட்டமிட்ட ஒரு படத்தைப் பிடித்திருக்கிறாள். அந்தப் படத்துக்குள் வாளுடன் ஒரு குதிரைப்படை வீரர். அவர் அவளுடைய தந்தை.

அந்தச் சிறுமியின் பெயர் என்ன? தந்தையின் பெயர் என்ன? இன்று எவருக்கும் தெரியாது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் தமக்குள் யுத்தம் செய்தன. ஆறு இலட்சத்துக்கும் அதிகமான படைவீரர்கள் இறந்தனர். களத்துக்குப் போனவர் வீட்டுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். வீட்டார் தங்கள் படத்தை அவருக்கு அனுப்பி வைப்பார்கள். இத்தகைய படங்களை லில்ஜென்குவிஸ்ட் என்ற குடும்பத்தின் தந்தையும் மகன்மாரும் தேடித் தேடி வாங்கினார்கள். 2010ஆம் ஆண்டில் சுமார் 700 படங்களைக் கொங்கிரஸ் நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அச்சிறுமியின் படமும் அவர்களின் சேகரிப்பிலிருந்து வந்ததே. அவற்றில் பெரும்பாலானவற்றில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

பழைய கடதாசிகளையும் படங்களையும் சேர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் நினைப்பதுண்டு. ஆனால் அவற்றைப் பற்றி அறிய அறிய, இது நமக்கும் உரிய விடயம் என்பது புரியும்.

எவற்றைச் சேர்க்கிறார்கள்?

பத்திரிகைகள், துண்டுப்பிரசுரங்கள், கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், வியாபார அட்டைகள், அச்சுப் படங்கள், புகைப்படங்கள் என்று எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். இவற்றில் பல, ஒருநாள் தேவைக்காக அச்சிடப்பட்டு மறுநாள் வீசப்படுபவை. அச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ஐசையா தோமஸ் என்பவர், இவையும் வரலாறுதான் என்று கருதினார். 1812இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் அமெரிக்கப் பழம்பொருள் ஆய்வுச் சங்கத்தை நிறுவித் தன் சேகரிப்பை அதற்குக் கொடுத்தார். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

நியூயோர்க்கில் கரியர் அன்ட் ஐவ்ஸ் என்ற நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் சுவரில் மாட்டும் படங்களை அச்சிட்டு விற்றது. கறுப்பு மையில் அச்சான படங்களுக்கு நிறம் தீட்டியவர்கள் பெண்களே. வரிசையாக மேசையில் இருந்து, ஒருத்தி நீலம், அடுத்தவள் பச்சை என்று ஆளுக்கு ஒரு நிறம் பூசிக் கைமாற்றுவார்கள். அப்பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே நிறுவனத்துக்குச் சுமார் 200 படங்களை வரைந்த ஃபனி பாமர் என்ற பெண்ணின் பெயர் நிலைத்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய அவர், தன் குடும்பத்தைத் தன் கையுழைப்பால் தாங்கியவர்.

படத்தைப் பார்த்து வயது சொல்வது

பழைய புகைப்படங்களைச் சேர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது அவற்றின் வகைகளையே. மிகப் பழையது டகரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கப்படுவது. கண்ணாடி போல நம் முகத்தையே திருப்பிக் காட்டும். சற்றுச் சரித்துப் பிடித்தால்தான் உருவம் தெரியும். 1850களில் கண்ணாடித் துண்டில் எடுக்கும் அம்புரோடைப் வந்தது. அதே காலத்தில் மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் ரின்டைப்பும் வந்தது. இது மலிவானது, உடையாதது. எனவே படைவீரர்கள் இதை விரும்பினார்கள். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஈர்க்கும். இந்தச் சிறிய சோதனையால் இரண்டையும் பிரித்தறியலாம்.

பின்னர் கடதாசியில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிய சிறிய படங்கள் வந்தன. ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுக்க இவற்றால் முடிந்தது. யுத்தச் செலவுக்காக அரசாங்கம் 1864 செப்டெம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை புகைப்படங்களுக்கும் வரி விதித்தது. அட்டையின் பின்புறத்தில் வரி முத்திரை ஒட்டியிருந்தால், அப்படம் அந்த இரண்டு வருடங்களுக்குள் விற்கப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

மூன்று பிள்ளைகளின் படம்

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பேர்க் என்னும் சிறு நகரில் பெரும் சண்டை நடந்தது. அதன்பின் நகரின் ஓரிடத்தில் ஒரு வீரரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் யாரென்று காட்டும் எதுவும் உடலில் இல்லை. கையில் மட்டும் கண்ணாடியில் எடுத்த ஒரு படம் இருந்தது. அதில் மூன்று பிள்ளைகள். கடைசி மூச்சில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகங்களைத்தான்.

படம் ஒரு சத்திரக்காரரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வழியே வந்த பிலடெல்பியா வைத்தியர் போர்ன்ஸ் அதைக் கேட்டு வாங்கினார். பிள்ளைகளின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எண்ணினார். ஆனால் அக்காலப் பத்திரிகைகளில் புகைப்படத்தை அச்சிடும் வசதி இல்லை. எனவே படத்தைச் சொற்களால் விவரித்து எழுதினார்கள். 1863 ஒக்டோபர் 19இல் பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகையில் அது வெளிவந்தது. இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை, இன்ன இன்ன வயதிருக்கும் என்று எழுதினார்கள். கூடவே ஒரு குறிப்பையும் சேர்த்தார்கள். மூத்த பையனின் சட்டையும் தங்கையின் உடையும் ஒரே துணியில் தைக்கப்பட்டவை.

ஒரே துணியில் இரண்டு பிள்ளைகளுக்கு உடுப்பு. தையல் தெரிந்த தாய்மார் எல்லோருக்கும் இது பழக்கமான சிக்கனம் அல்லவா?

மற்றப் பத்திரிகைகளும் அச்செய்தியை எடுத்துப் போட்டன. சமயப் பத்திரிகை ஒன்றின் பிரதி நியூயோர்க் மாநிலத்தின் போர்ட்வில் கிராமத்துக்குப் போனது. அங்கே பிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண், கெட்டிஸ்பேர்க் சண்டைக்குப் பிறகு கணவரிடமிருந்து ஒரு கடிதமும் வராமல் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதே வருடம் மூன்று பிள்ளைகளின் படத்தைக் கணவருக்கு அனுப்பி வைத்தவர் அவர். வைத்தியருக்குக் கடிதம் போனது. வைத்தியர் அட்டைப் பிரதி ஒன்றை அனுப்பினார். உறையைத் திறந்தபோது பிலிண்டாவின் கையில் இருந்தது தன் பிள்ளைகளின் படமே. ஃபிராங்க், அலிஸ், ஃபிரெட் ஆகிய மூவரும் தந்தையை இழந்துவிட்டார்கள் என்பது அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. பெயரின்றி இருந்த உடலுக்கு ஏமஸ் ஹியூமிஸ்டன், 154ஆவது நியூயோர்க் படைப்பிரிவின் சார்ஜன்ட், என்ற பெயரும் திரும்பக் கிடைத்தது.

படம் விற்பனைக்கு வந்தது

கதை இத்துடன் முடியவில்லை. அப்படத்தின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டு, படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைப்பதற்காக விற்கப்பட்டன. 1866இல் கெட்டிஸ்பேர்க்கில் இல்லம் திறக்கப்பட்டது. பிலிண்டாவும் பிள்ளைகளும் அங்கே போனார்கள். பிலிண்டா அங்கேயே வேலை செய்தார். 1869இல் மறுமணம் செய்து பிள்ளைகளுடன் வெளியேறினார்.

அதன்பின் இல்லத்துக்குப் பொறுப்பாக வந்த பெண் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தினார். விடயம் நீதிமன்றம் வரை போனது. பணம் ஒழுங்காகக் கையாளப்படவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1877இல் இல்லம் மூடப்பட்டது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய காரியம், கணக்குக் கேட்பவர் இல்லாதபோது என்னவாகும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். அன்று விற்ற அட்டைப் படங்களை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள். பிள்ளைகளின் முகம் முன்புறத்தில் இருக்கிறது. எதற்காக விற்கப்படுகிறது என்ற வாசகம் பின்புறத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் முழுக்கதை தெரியும்.

அந்தக் குடும்பத்தின் கதையை முழுமையாக எழுதியவர் மார்க் டங்கல்மன். அவருடைய பூட்டனார் அதே 154ஆவது படைப்பிரிவில் இருந்தவர். பிரிவினரின் சந்ததியினரைத் தேடிப் போய், வீடுகளில் இருந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படங்களையும் பல வருடங்களாகத் திரட்டி, 1999இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கடதாசிகளை வீசாமல் வைத்திருந்த குடும்பங்கள் இல்லாவிட்டால் அந்த நூலும் இல்லை.

சுவர்க் கடதாசியில் பத்திரிகை

பழைய பத்திரிகைகளைச் சேர்ப்பவர்கள் அறிந்த விந்தை ஒன்றுண்டு. 1800ஆம் ஆண்டுப் பத்திரிகை இன்றும் வளைந்து கொடுக்கும். 1900ஆம் ஆண்டுப் பத்திரிகையோ தொட்டாலே உதிரும். முன்னையது கந்தல் துணிக் கூழால் செய்யப்பட்டது. 1870களுக்குப் பின் மலிவான மரக்கூழ்க் கடதாசி பரவலாக வந்தது. அதில் உள்ள அமிலம் கடதாசியை உள்ளிருந்தே பழுப்பாக்கி அரித்துவிடுகிறது.

1863இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பேர்க் நகரம் முற்றுகைக்குள்ளானது. மக்கள் மண்மேடுகளைக் குடைந்து, நாம் பங்கருக்குள் இருந்தது போல, குகைகளில் பிள்ளைகளுடன் இருந்தார்கள். உணவு தட்டுப்பாடு, கடதாசியும் தட்டுப்பாடு. டெய்லி சிற்றிசன் என்ற உள்ளூர்ப் பத்திரிகை, சுவரில் ஒட்டும் பூப்போட்ட கடதாசியின் வெற்றுப் புறத்தில் அச்சிடப்பட்டது. ஜூலை 4இல் நகரம் வீழ்ந்தது. உள்ளே வந்த வடபகுதிப் படையினர் அச்சுக்கோத்தபடி கிடந்த ஜூலை 2ஆம் திகதி இதழைக் கண்டு, தங்கள் குறிப்பு ஒன்றையும் அடியில் சேர்த்து அச்சிட்டார்கள்.

அந்த இதழுக்குப் பின்னாளில் எத்தனையோ மறுபதிப்புகள் வந்தன. அவற்றை மூலப்பிரதி என்று நம்பி வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. லிங்கன் கொல்லப்பட்ட செய்தி வந்த 1865 ஏப்ரல் 15ஆம் திகதிய நியூயோர்க் ஹெரல்ட்டின் கதையும் இதுவே. பழையதாகத் தோன்றுவதெல்லாம் பழையதல்ல. அதனால்தான் ஒரு கடதாசி எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்ற விபரத்துக்கு இவ்வளவு மதிப்பு.

என் தாயைக் கண்டீர்களா?

சேகரிப்பவர்கள் ஒருகாலத்தில் பெரிதாகக் கவனிக்காத பகுதி, பத்திரிகைகளின் சிறு விளம்பரங்கள். யுத்தத்தின் முடிவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், தங்களிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட தாயை, பிள்ளையை, சகோதரனைத் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஓர்லியன்சில் வெளிவந்த சவுத்வெஸ்டேர்ன் கிறிஸ்டியன் அட்வகேற் பத்திரிகை, இதற்கென ஒரு பத்தியே நடத்தியது. சந்தாதாரர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சதம். வாசிக்கத் தெரியாதோருக்காக, ஆலயங்களில் போதகர்கள் அவற்றை உரத்து வாசித்தார்கள். 1900களின் தொடக்கம் வரை இது நடந்தது. பிரிந்து எத்தனையோ வருடங்கள் கழிந்த பின்னரும் அவர்கள் தேடலைக் கைவிடவில்லை.

பெரும்பாலானோருக்குப் பதில் கிடைத்ததா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்த விளம்பரங்களில் தாயின் பெயர், விற்றவனின் பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. இன்று பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் தங்கள் மூதாதையரை அவற்றின் மூலம் அறிந்துகொள்கிறார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளை எவரோ பாதுகாத்ததால்தான் இது கைகூடியது.

நம் கையில் உள்ளவை

சகோதரிகளே, காணாமற்போன ஒருவரைத் தேடி ஒரே படத்தை எத்தனை இடங்களில் நாம் காட்டியிருக்கிறோம்! இடம்பெயர்ந்து ஓடியபோது எதை விட்டாலும் படங்களும் பத்திரங்களும் இருந்த பையை விடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! எல்லாவற்றையும் இழந்து ஒரே ஒரு படம் மட்டும் எஞ்சியவர்களும் உண்டு. சேகரிப்போர் கற்ற பாடங்களில் சில நமக்கும் உதவும்.

• படத்தின் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல், பெயர், ஊர், திகதி எழுதுங்கள். பென்சில் எழுதாத வழுவழுப்பான படமானால் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

• கிழிந்ததை செலோரேப்பால் ஒட்ட வேண்டாம். பசை காலப்போக்கில் கறையாகும்.

• மூலப் பத்திரங்களை லமினேற் செய்ய வேண்டாம். பின்னர் பிரித்தெடுக்க முடியாது. பிரதியை லமினேற் செய்யலாம்.

• பத்திரிகைத் துண்டுகளைப் படங்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். அவற்றின் அமிலம் படத்தையும் பழுதாக்கும்.

• வெயில், ஈரம், கறையான் மூன்றும் எதிரிகள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயர்த்தி வையுங்கள்.

• மூலப்படத்தை எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம். பிரதியைக் கொடுங்கள். யாரிடம், எப்போது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

• ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் வைத்திருங்கள்.

வொஷிங்டனில் உள்ள அந்தச் சிறுமியின் படத்தை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவளுடைய கண்களையும் உடையையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அவளைப் பெயர் சொல்லி அழைக்கத்தான் எவராலும் முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்த நாளில் ஒரு தாய், ஓர் அத்தை, ஒரு அக்கா, யாராவது ஒருவர் ஒரு பெயரை எழுதியிருந்தால் போதும்.

இன்று மாலை வேலை முடிந்து சற்று அமரும்போது, உங்களிடம் உள்ள படங்களை வெளியே எடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவர் யார், இது எந்த ஊர், எப்போது எடுத்தது என்று சொல்லிச் சொல்லி எழுதுங்கள். அதற்கு ஒரு பென்சில் போதும்.