வில்லின் இரு முனைகள்

2023ஆம் ஆண்டு பெர்லின் நகரில் இந்திய மகளிர் அணி வில்வித்தையில் உலகப் பட்டம் வென்றது. அவர்கள் ஏந்தியது காம்பவுண்டு வில். அமெரிக்கரான ஹாலஸ் வில்பர் ஆலன் இதற்கு 1969இல் காப்புரிமை பெற்றார்.

இவ்வில்லின் இரு முனைகளிலும் 'கேம்' என்னும் சக்கரங்கள் உள்ளன. அவற்றின் அச்சு நடுவில் அமையாததால், நாணை இழுத்து முடிக்கும்போது கையின் சுமை குறைகிறது. 50 பவுண்டு இழுவிசையில் 80 விழுக்காடு தளர்ந்தால், கை தாங்குவது 10 பவுண்டே.

இழுவிசையை வீட்டிலேயே மாற்றலாம். வளையும் தகடுகளை நடுப்பிடியுடன் இணைக்கும் இரு திருகாணிகளை இறுக்கினால் விசை கூடும், தளர்த்தினால் குறையும். மேல் திருகாணியை ஒரு சுற்றுத் திருப்பினால், கீழ்த் திருகாணியையும் ஒரு சுற்றே திருப்ப வேண்டும். கையேடு கூறும் எல்லைக்கு மேல் தளர்த்தினால் தகடு கழன்று வில் சிதறும்.

அடுத்து, சக்கரங்களின் ஒத்திசைவைச் சோதிக்க வேண்டும். வில்லாளர் அம்பைப் பொருத்தி, இலக்கை நோக்கி மெல்ல இழுப்பார். பெரியவர் ஒருவர் பின்புறம் நின்று கவனிப்பார். இரு சக்கரங்களின் தடுப்புகளும் ஒருங்கே தொட்டு நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் அம்பு மேலோ கீழோ விலகும். 50 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டரே. சிறு பிழையும் அங்கே பெரிதாகும்.

கயிறுகளை முறுக்கி இப்பிழையைத் திருத்துவர். அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி தேவை. ஆதலால் அப்பணியைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும். அம்பின்றி நாணை விடுதலும் கூடாது. அம்பு ஏற்க வேண்டிய ஆற்றல் வில்லையே உடைத்துவிடும்.

பொருள் அறிக: நாண் – வில்லின் கயிறு, ஒருங்கே – ஒரே நேரத்தில், ஒத்திசைவு – ஒன்றுபட்டு இயங்குதல்.

சிந்தித்து எழுதுக: இரு திருகாணிகளையும் சம அளவில் திருப்புவது ஏன்?