எல்லாப் பருவும் நோயல்ல

பிறப்புறுப்பின் தோலில் சிறு பருக்களைக் கண்டதும் பலருக்கு உறக்கம் போய்விடுகிறது. உடையார்பாளையம் போன்ற சிற்றூர்களில், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சத்தால் மருத்துவமனையைத் தவிர்த்து, சுவரொட்டி வைத்தியரை நாடுவோர் உண்டு. பால்வினை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருப்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

இப்பருக்களில் பல நோயே அல்ல. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சிலருக்கு வெளிர்மஞ்சள் புள்ளிகளாக வெளியே தெரியும். 1896இல் இவற்றை விவரித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபோர்டைஸின் பெயராலேயே இவை அழைக்கப்படுகின்றன. ஆண், பெண் இருபாலருக்கும் இவை உண்டு, உதட்டிலும் தோன்றும். ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக அமையும் முத்துப் போன்ற பருக்களும் இயல்பானவையே. இவை தொற்றுவதில்லை; சிகிச்சையும் தேவையில்லை. கிள்ளுவதும், மருவுக்கான களிம்பைத் தடவுவதும்தான் புண்ணாக்கும்.

ஆனால் புண், நீர்க்கொப்புளம், சீழ், ரத்தக்கசிவு, தொடையிடுக்கில் நெறிகட்டுதல், காலிஃபிளவர் போலப் பெருகும் மரு ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. வலியற்ற ஒற்றைப் புண் சிபிலிஸ் நோயின் தொடக்கமாக இருக்கலாம். புண் தானாக ஆறினாலும் நோய் உடலில் தங்கிவிடும். பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் தோன்றிய எந்த மாற்றத்தையும் மருத்துவரிடம் காட்டுவதே நன்று.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பால்வினை நோய்களுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், ரகசியமும் காக்கப்படும். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். மருத்துவர் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும் ஐயத்தை நாம் ஏன் மாதக்கணக்கில் சுமக்க வேண்டும்?