முன்வெளிச்சம், பின்வெளிச்சம்

விருதுநகர் - சாத்தூர் சாலை என்.எச். 7 ஆக இருந்த காலத்தில், இரவில் கண்ணைப் பறித்த வெளிச்சம் எதிரிலிருந்து வந்தது. போகவும் வரவும் ஒரே தார்ச்சாலை. அம்பாசடரில் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குமிழ் இருக்கும். காலால் மிதித்தால் டிம், மறுபடி மிதித்தால் பிரைட். சிவகாசிச் சரக்கு லாரிக்குப் பின்பாரத்தால் முன்பக்கம் தூக்கியிருக்கும், விளக்கும் கூடவே மேலே பார்க்கும். நாம் டிம் போட்டால் அவரும் போடுவார். போடாதவரை ஒரு வசவோடு கடந்துவிடலாம்.

இன்று அதே சாலை என்.எச். 44, நான்கு வழி. நடுத்திட்டில் அரளி, ஆடு மாடு தொடாது, கரிசல் வெயிலைத் தாங்கும், எதிர்வெளிச்சத்தை மறைக்கும். எதிரே வருபவரோடு இப்போது வழக்கில்லை. தொல்லை முதுகுப்பக்கம் இடம் மாறிவிட்டது. உயரமான எஸ்.யூ.வி. ஒன்று ஒட்டி வந்தால், அதன் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் மூன்று கண்ணாடிகளிலும் இறங்குகிறது. எதிரில் வந்தவர் நொடியில் போய்விடுவார். இவர் எட்டூர்வட்டம் டோல்கேட் வரை கூடவே வருவார். அவருக்கு டிம் அடித்துக் காட்டவும் வழியில்லை.

இருப்பது உள்கண்ணாடியின் அடியில் உள்ள சின்ன லிவர்தான். அந்தக் கண்ணாடி ஓர் ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் இருக்கும். லிவரைத் தட்டினால் பின்புற ரசப்பூச்சு கார் கூரையைக் காட்டும். முன்பரப்பு திருப்பும் வெளிச்சம், நூற்றுக்கு நான்கு பங்கு போல, மட்டுமே கண்ணுக்கு வரும். கூச்சம் போகும், பின்வண்டி எவ்வளவு தூரத்தில் என்பது மட்டும் பிடிபடாது. விலை கூடிய கார்களில் கண்ணாடி மின்சாரத்தால் தானாகவே கறுக்கிறது. பெரும்பாலான கார்களின் சைடு மிரர்களுக்கு இரண்டும் இல்லை. சற்று வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முன்பு பின்கண்ணாடியின் கறுப்பு பிலிம் பின்வெளிச்சத்தைத் தடுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. காருக்குள் யார் என்று வெளியே தெரிய வேண்டும், நியாயம்தான். ஆனாலும் இரவுக்கு இருந்த ஒரு மறைப்பு போயிற்று.

சாத்தூரில் திரும்பி மேட்டமலை வழியாகச் சிவகாசிக்குப் போனால் வேறு கதை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசு வாங்க வரும் வெளியூர்க் கார்கள் முன்னாலும் பின்னாலும் பிரைட்டிலேயே வரும். லாரிக்காரர்களில் பலர் இன்னும் டிம் போடுகிறார்கள். கார்க்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.