வலையில் விழும் விருந்தாளிகள்

கைப்பிடிக்குள் அடங்கும் குருவி கடலைத் தாண்டுமா? தாண்டும், சகோதரிகளே! ஐரோப்பாவில் குளிர் வந்தால் 'ஃபிஞ்ச்' குருவிகள் தெற்கே கிளம்பிவிடும். வழியில் மால்டா என்ற குட்டித் தீவு. அங்கே சிலர் கூண்டில் ஒரு குருவியை வைத்துக் கத்த விடுவார்கள். நம் இனத்துக் குரலாச்சே என்று மேலே பறப்பவை இறங்கும், வலை மூடிக்கொள்ளும். அப்புறம் கூண்டு வாசம்தான், பாவம்!

மால்டா 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஏழு வகை ஃபிஞ்சுகளைப் பிடிக்க அது அனுமதி கொடுத்தது சட்டவிரோதம் என்று 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 'ஆராய்ச்சிக்காக' என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். 2024-ல் அதுவும் எடுபடவில்லை.

நம் ஊர்ச் சில்லைக் குருவிகளைப் பிடிப்பதும் விற்பதும்கூடக் குற்றமே. குழந்தை அழுதாலும் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கும்வரை வலை விரிப்பவரும் இருப்பார். முற்றத்தில் ஒரு சட்டி தண்ணீர் வையுங்கள். குருவிகள் தாமாகவே தேடி வரும்.